கிணறு தாங்கும் விருந்தாளி

1344 ஆம் ஆண்டு மாலத்தீவிலிருந்து தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் வழி தவறி இலங்கையின் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்தது. இறங்க மாலுமிகளுக்குப் பயம். அது ஆரியச் சக்கரவர்த்தியின் நாடு, அவன் கொடியவன், கடலில் கொள்ளையிடுபவன் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். காற்று வலுத்தது, வேறு வழியின்றி அவர் கரையேறினார். அவர் 'பட்டாலா' என்று குறிக்கும் ஊர் புத்தளம்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. மரச்சுவரும் மரக்கொத்தளங்களும் சூழ்ந்த சிறிய, அழகான ஊர் என்று எழுதுகிறார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரத்துண்டுகள் கடற்கரையெங்கும் குவிந்துகிடந்தனவாம்.

யாருக்கு அஞ்சினார்களோ அந்த அரசன் அவரை மூன்று நாள் தன்னோடு வைத்து உபசரித்தான். அவனுக்குப் பாரசீகம் புரிந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவா ஆதம் மலையைப் பார்க்க வேண்டும் என்றார் பயணி. ஒரு பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் வந்தார்கள். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போய்வரும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், அரசனின் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள் தூக்கப் பதினைந்து பேர் என்று ஒரு சிறு கூட்டமே அவருடன் கிளம்பியது. அவருக்குக் கிடைத்த விருந்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஆட்களின் கணக்குதான். படுத்த அறை எப்படி இருந்தது என்பது அவர் நினைவில் தங்கவில்லை. யார் கூட நடந்தார்கள் என்பது தங்கிவிட்டது.

வெளிநாட்டுப் பயணம் என்றதும் இன்று நாம் முதலில் கேட்பது எந்த ஓட்டல் என்பதைத்தான். தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகிறவர்களுக்கு அது ஏறத்தாழ முடிவாகிவிட்ட விஷயம். கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்று ஒரு சுற்று. இராமாயணத் தலங்கள் என்று இன்னொரு சுற்று. இலங்கைக்கு வரும் வெளிநாட்டவரில் இந்தியர்களே முதலிடம். அவர்களில் மிகச் சிலரே புத்தளம் மாவட்டத்தின் கரைக்கு வருகிறார்கள். தமிழ் பேசும் வீடுகள் இவ்வளவு நெருக்கமாக உள்ள ஒரு கரையை, கடலுக்கு இந்தப் பக்கம் இராமநாதபுரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்த நாம், தவிர்த்துவிட்டுப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கட்டுநாயக்கவில் இறங்கி வடக்கே போகும் பேருந்தில் ஏறினால் நீர்கொழும்பு, வைக்கால், மாரவில வரை கடலோரம் ஓட்டல்கள் வருகின்றன. சிலாபம் தாண்டியதும் அவை குறைந்து தென்னந்தோப்பு பிடித்துக்கொள்கிறது. இடப்பக்கம் உடப்புக்குப் பிரியும் வழி. ஆடியில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் தமிழ் மீனவர் ஊர். புத்தளத்துக்குச் சற்று முன்னால் பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் உப்பளங்கள். பிறகு கற்பிட்டிக் குடாநாடு, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு. ஒரு பக்கம் திறந்த கடல். மறுபக்கம் ஏறத்தாழ 327 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புத்தளம் களப்பு. நடுவில் வெறும் மணல். அந்த மணலில்தான் சின்ன வெங்காயமும் மிளகாயும் விளைகின்றன. மாம்புரியில் காற்றாலைகள் சுழல்கின்றன. நுரைச்சோலையில், 2011 இல் முதல் அலகும் 2014 இல் முழுமையாக 900 மெகாவாட்டும் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி பல மைல் தூரத்துக்குத் தெரிகிறது. சாலையில் கழுதைகள் யாருக்கும் ஒதுங்காமல் நிற்கின்றன.

நான் தங்கும் வீடு களப்புப் பக்கம். ஊரின் பெயர் வேண்டாம். சின்ன ஊர், எந்த வீடு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பழைய வீட்டின் பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஓர் அறை, கொசுவலை, ஒரு மின்விசிறி, முன்னால் விறாந்தை. வீட்டுப் பெரியவரை வருகிறவர்கள் எல்லாரும் உம்மா என்றே அழைக்கிறார்கள், சுவிட்சர்லாந்துக்காரர் உட்பட. முதல் நாள் பையை இறக்கி வைத்ததும் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்.

"இந்தப் பெரிய வாளி குளிக்க. அது சின்னது, கால் கழுவ. பம்ப் போட வேணாம் மகன், காலையில மட்டும் நாங்க போடுவம். கூட இறைச்சா உப்பு ஏறும்."

கிணறு ஆழமில்லை. கயிற்றை இரண்டு மூன்று முறை கையால் இழுத்தால் தண்ணீர் வந்துவிடும். ஆழமில்லாததற்கும், கூட இறைத்தால் உப்பு ஏறுவதற்கும் ஒரே காரணம்தான். இரு பக்கமும் உப்புநீர் சூழ்ந்த இந்த மணல் திட்டில் மாரி மழை இறங்கி, அடியிலுள்ள கடல்நீர் மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. கடல்நீரைவிட நன்னீர் சற்றே லேசானது என்பதால்தான் இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. நிலத்தடி நீர் படித்தவர்களுக்குக் கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவரின் பெயரில் உள்ள விதி தெரிந்திருக்கும்: கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால், கீழே அது ஏறத்தாழ நாற்பது அடி ஆழத்துக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறிவரும். விதியின் பெயர் உம்மாவுக்குத் தெரியாது. வாளியின் அளவு தெரியும்.

புல்வெளியும் நீச்சல் குளமும் நாளெல்லாம் ஓடும் ஷவரும் கொண்ட ஒரு விடுதியை இதே மணலில் வைத்துப் பாருங்கள். விடுதிக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விருந்தாளி எதையும் அளந்து செலவழிக்கக் கூடாது என்பதுதான் அவர் விற்கும் பொருள். விருந்தாளிக்கு அளவு தெரியாமல் இருக்கும்போது அந்த அளவு பக்கத்து வளவின் கிணற்றில் தெரியவரும். தண்ணீர் உவர்த்த பிறகு பவுசர் வண்டியில் தண்ணீர் வாங்க ஓட்டலுக்கு முடியும், வெங்காயம் போட்டவனுக்கு முடியாது. இதைச் சொல்லும்போது தோட்டக்காரர்களும் குற்றமற்றவர்கள் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்கத் தெளிப்பான் ஓடும் தோட்டங்கள் இங்கே நிறைய. உரம் மணலில் நேரே இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு வருவது ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவரும் விஷயம். ஆனால் அவர்கள் தங்கள் குழந்தை குடிக்கும் கிணற்றில்தான் கை வைக்கிறார்கள். அந்தப் பயம் ஒரு நாள் அவர்களைத் தடுக்கலாம். ஒரு வாரத்தில் கிளம்பிவிடும் என்னைத் தடுக்க உம்மாவின் வாளியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

கிராமத்து வீட்டில் தங்குவதை ஓர் அனுபவமாக, மண்வாசனையாக, கலாசாரப் பரிமாற்றமாக விற்கும் பேச்சு எனக்கு ஒட்டவில்லை. மண்வாசனை வேண்டுமென்றால் ஓட்டல்காரர் ஓலைக்கூரை போட்டு அதையும் தருவார், தருகிறார். வீட்டில் தங்குகிறவன் அந்த வீட்டின் அளவுக்குள் இருக்க ஒப்புக்கொள்கிறான். தண்ணீருக்கு ஓர் அளவு, வெளிச்சத்துக்கு ஓர் அளவு, சாப்பாட்டுக்கு அன்றைய மீன்பாட்டின் அளவு, சத்தத்துக்குச் சுவரின் அளவு. ஓட்டல் அறைக்குக் கொடுக்கும் காசின் பெரும்பகுதி இந்த அளவுகளிலிருந்து விலக்குப் பெறுவதற்கான கட்டணம். அந்த விலக்கு புத்தளம் போன்ற கரையில் யார் தலையில் விழுகிறது என்பதைக் கற்பிட்டியின் அண்மைக்கால வரலாறு காட்டுகிறது.

போர் முடியும் காலத்தையொட்டி இலங்கைச் சுற்றுலா அதிகார சபை கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலா வலயம் என்று ஒரு பெருந்திட்டத்தை முன்வைத்தது. களப்பின் வாயிலும் அதைச் சுற்றியும் உள்ள 14 தீவுகள் அதில் அடங்கின. வரைபடத்தில் பார்த்தால் ஆளற்ற மணல் திட்டுகள். ஆனால் பத்தலங்குண்டிலும் முகத்துவாரத்திலும் உச்சமுனையிலும் வாடிகள் இருந்தன. வாடி என்பது கிடுகாலும் கம்பாலும் ஆன மீனவர் குடில். நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் காலத்துக்குக் காலம் வரும் மீனவர்கள் தங்கி, வலை உலர்த்தி, கருவாடு போட்டு, பருவம் மாறினால் திரும்புவார்கள். சில தீவுகளில் ஆண்டு முழுக்கக் குடும்பங்கள், கோயில், பள்ளிக்கூடம். காணி உறுதி கேட்டால் பலரிடமும் காகிதம் இல்லை. தலைமுறையாக வலை இழுத்த பாடு இன்னாருடையது என்பது ஊருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் போன்ற அமைப்புகள் மீனவர்களோடு சேர்ந்து எதிர்த்தன. திட்டம் போட்ட அளவில் நடக்கவில்லை. ஆனாலும் தீவுகளில் குத்தகை கொடுக்கப்பட்டது, வேலிகள் வந்தன, படகு கட்டும் கரைக்கு நடந்துபோகும் பாதை சில இடங்களில் சுற்றிப்போகும் பாதையானது.

எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான். இந்தக் கரை பயணிகளைத் தங்கவைக்கத் தெரியாத கரையா? தலவிலவில் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு ஆகஸ்ட்டில் சிங்களவரும் தமிழருமாக இலட்சக்கணக்கில் வருகிறார்கள். மரத்தடியிலும் கூடாரத்திலும் ஓலைக் கொட்டிலிலும் நாள்கணக்கில் தங்கி, சமைத்து, குளித்து, வேண்டுதல் முடித்துப் போகிறார்கள். வாடிக்கு வரும் மீனவனும் விருந்தாளிதான். இவ்வளவு பேரைப் பருவத்துக்குப் பருவம் வரவேற்று அனுப்பத் தெரிந்த மக்களிடம், சுற்றுலா என்றால் என்ன என்று வெளியிலிருந்து வந்து கற்பிக்க ஒரு திட்டம் தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் வேலையாள் இடம்.

வீட்டறைகளின் கணக்கு வேறு மாதிரி. இந்தப் பக்கம் ஆண்டு காற்றால் இரண்டாகப் பிரிகிறது. மே தொடங்கிச் செப்டம்பர், அக்டோபர் வரை சோளகம். கடல் கலங்கிக் கொந்தளிக்கும்; மேற்குக் கரையில் கண்ணாடியிழைப் படகுகள் பல நாள் இறங்காது. சரியாக அதே காற்றுக்காகத்தான் பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்கும் ஐரோப்பியர்கள் கண்டக்குளி, குடாவப் பக்கத்துக்கு வருகிறார்கள். மீனவன் கையில் காசில்லாத மாதங்களில் வீட்டுக்கு ஆள் வருகிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மீன்பாடு, அதோடு ஓங்கில் பார்க்க வருபவர்கள், அதிர்ஷ்டமிருந்தால் எண்ணெய்த் திமிங்கிலம். வலை ஏற்றும் அதே படகில் ஆள் ஏற்றுகிறார்கள். ஓர் ஓங்கில் கூட்டத்தைச் சுற்றிப் பல படகுகள் வளைத்துக்கொண்டு விரட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது அசிங்கம், நிறுத்தப்பட வேண்டியது. அந்தப் படகுகளில் ஊர்க்காரர்களின் படகும் உண்டு என்பதால் அதை மறைக்கப்போவதில்லை.

2022 இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றபோது இந்தக் கணக்கின் பெறுமதி தெரிந்தது. ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. வெளியிணைப்பு எஞ்சின் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. உம்மாவின் மருமகன் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. அந்தப் பருவத்தில் வந்த ஒரு சிலர்தான் அடுப்பெரியக் காரணம் என்று உம்மாவின் மகள் சொன்னார். அவரிடம் ஒரு கொப்பி இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் எண்பது பக்கக் கொப்பி. நான் கணக்கு முடிக்கும்போது திறந்து காட்டினார். இடப்பக்கம் வந்தவரின் நாடு, பெயர் எழுதுவதில்லை. வலப்பக்கம் காஸ், மீன், முட்டை, கரண்ட், துணி துவைக்க ஆள். கடைசிக் கட்டத்தில் 'கொமிஷன்'. இணையத்தில் அறை பதிவு செய்துதரும் நிறுவனங்களுக்குப் போகும் பங்கு, பொதுவாக 15 விழுக்காடு அளவில். நான் நேரே தொலைபேசியில் பேசி வந்ததால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி சாதாரணமானதில்லை. வெளிநாட்டவர் ஒருவர் இலங்கையில் செலவழிக்கும் காசு எங்கெங்கே வெளியே கசிகிறது என்பதை விளக்கும் அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இறக்குமதி வெண்ணெய், வெளிநாட்டு நிர்வாகக் கட்டணம், விமானக் கம்பனி, பதிவுக் கம்பனி. அதையெல்லாம் அந்தக் கொப்பி ஒரு கட்டத்தில் வைத்திருந்தது.

உம்மா மன்னார்த் தீவில் பிறந்தவர். 1990 அக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறச் சொன்னபோது ஏறத்தாழ 75,000 பேர் சில நாட்களுக்குள், சிலர் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். கையில் தூக்க முடிந்ததுதான் உடைமை. மன்னார்த் தீவிலிருந்தவர்களில் பெரும்பாலோர் மழையில் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அவர்களில் மிகப் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள். பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வெளியேற்றத்தைப் பதிவு செய்வதில் செலவிட்டார், அவரும் மன்னார்த் தீவுக்காரர்தான், எருக்கலம்பிட்டி. முகாம், நிவாரணம், அமைச்சு என்பதெல்லாம் பிறகு வந்தவை. முதல் நாட்களில் அவர்களை வாங்கிக்கொண்டவை இந்த ஊர்களின் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் வீட்டு விறாந்தைகளும். தென்னந்தோப்புக்காரர்கள் மரத்துக்கு மரம் இடைவெளியில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள்.

"இந்த வளவுக்கு ரெண்டு வளவு தள்ளித்தான் எங்கள வெச்சிருந்தாங்க. நாங்க ஒம்பது பேர், அவங்க ஏழு பேர். ஒரு கிணறு. மொத நாள் அந்தப் பொம்புள பிட்டும் சொதியும் தந்தா. பிறகு அவவும் பாவம்தானே, எவ்வளவு நாளைக்கு?"

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பக்கம் சொல்வோம். மூன்று நாள் மூன்று மாதமாகி, முப்பது ஆண்டானது. உள்ளூர்க்காரருக்கும் வந்தவருக்கும் இடையே வேலைக்கும் பள்ளி இடத்துக்கும் தண்ணீருக்கும் வாக்குக்கும் உரசல் வந்தது. அகதிக்கு நிவாரணம் உண்டு, பக்கத்தில் அதே வறுமையில் இருக்கும் எனக்கு ஒன்றுமில்லையே என்ற கேள்வி நியாயமானதுதான். 2007 இல் உலக வங்கிக் கடனில் வந்த வீட்டுத் திட்டம் தண்ணீர் வசதியை ஊர்க்காரர்களுக்கும் சேர்த்தே திட்டமிட்டது அந்த உரசலை உணர்ந்துதான். உம்மாவுக்குப் பிறகு வளவு கிடைத்து, வீடு எழும்பி, மகளுக்குக் கல்யாணமாகி, பக்கச் சுவரில் ஓர் அறையும் சேர்ந்தது. வாளிக் கணக்கு அந்த ஒரு கிணறு, பதினாறு பேர் நாட்களில் அவர் கற்றது. உபசாரம் என்பது கொடுப்பவருக்கு எவ்வளவு பாரம் என்று அறிந்த ஒருவரின் வீட்டில் நான் தங்குகிறேன். என் பாரத்துக்குக் காசு வாங்குவதில் அவருக்குத் தயக்கம் இல்லை, எனக்கும் அதில் கூச்சம் இல்லை. காசு நடுவில் இருப்பதால்தான் நான் நான்காம் நாளும் அங்கே இருக்க முடிகிறது.

மொழி தெரிந்த விருந்தாளிக்கு ஒரு சங்கடமும் உண்டு. ஜெர்மன்காரருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது வெறும் சத்தம். எனக்கு எல்லாம் கேட்கிறது. ஓர் இரவு பேரனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, கோழி வாங்கக் கைமாற்றாகக் காசு கேட்டு வரச் சொன்னார் உம்மா. இந்தியாவிலிருந்து வந்தவர், மீனே போட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார் என்று. நான் எழுந்துபோய், நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்களோ அதுவே போதும், எனக்கு சூடைக் கருவாடும் கட்டச்சம்பலும் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி என்றேன். உம்மா நம்பவில்லை. மறுநாள் மத்தியானம் கருவாட்டுக் குழம்புக்கு நான் மூன்றாவது முறை சோறு வாங்கிய பிறகுதான் நம்பினார். இதை அடக்கமாகச் சொல்லவில்லை, கடமையாகச் சொல்கிறேன். கேட்கிற காது இருந்தால் கேட்டதற்கு ஏற்ப நடக்க வேண்டும். ஓட்டலில் சமையலறை கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் இருப்பது தற்செயலல்ல.

வீட்டில் தங்குவது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நினைத்தால் அதுவும் பொய். விருந்தாளியின் படுக்கை விரிப்பை யார் துவைக்கிறார்கள்? விடியுமுன் எழுந்து இடியப்பம் பிழிவது யார்? பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கெனவே நிறைய வேலை உள்ள ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. கொப்பி அவள் கையில் இல்லாவிட்டால் காசும் அவளுக்கு வருவதில்லை. வாடகை கூடக் கூட, அறை மேல் அறை எழும்பி, குளிரூட்டி வந்து, கடைசியில் குடும்பம் பின்னால் ஒரு கொட்டிலில் முடங்கி, வீடு முழுக்க விருந்தாளிக்கென்று ஆகிவிடுவதையும் இந்தக் குடாநாட்டிலேயே காணலாம். கடலோரக் காணியை வெளியாருக்கு விற்றுவிட்டு அதே இடத்தில் காவலாளியாக நிற்பவர்களும் உண்டு.

இத்தாலியர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். பண்ணை வீடுகளில் பயணிகளைத் தங்கவைப்பது பற்றி 1985 இல் அவர்கள் இயற்றிய சட்டம், விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்க வேண்டும், விருந்தோம்பல் அதைச் சார்ந்து நிற்க வேண்டும் என்று வைத்தது. உழவை நிறுத்திவிட்டு அறை மட்டும் வாடகைக்கு விட்டால் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாது. கேரளத்தில் வீட்டுத் தங்கல் அனுமதிக்கு வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் கற்பிட்டிக்கு மாற்றிச் சொன்னால் இப்படி வரும்: கடலுக்குப் போவது நிற்கக் கூடாது, வீட்டில் ஆள் இருக்க வேண்டும். மூன்றாவதாகக் கிணற்றைச் சேர்ப்பேன். ஓர் ஊரில் எத்தனை அறை என்பதை அந்த ஊரின் நன்னீர் தீர்மானிக்கட்டும். இதைச் செய்ய அதிகார சபைக்கு முடியும். தீவுகளை அளக்க முடிந்தவர்களுக்குக் கிணறுகளை அளக்கவும் முடியும்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்டுக்கே ஆள் வரவில்லை. அடுத்த மாதம் சிலாபத்தில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்பு வன்முறை இந்த மாவட்டத்துக் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கியது. கொட்டாரமுல்லையில் ஓர் உயிர் போனது. அந்த மாதங்களில் புதிதாக யாராவது தெருவில் வந்தால் கதவைச் சாத்தினோம் என்று உம்மாவின் மகள் சொன்னார். அந்நியரை வீட்டுக்குள் விட்டே பிழைத்த வீடு அது. அதற்கு முன்பு வந்து தங்கிய ஒரு நெதர்லாந்துத் தம்பதி அந்த நாட்களில் வாரம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, நலமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். ஆங்கிலம் இவர்களுக்கும் அரைகுறை, அவர்களுக்கும் அரைகுறை. மகள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து ஒரு மணம் வந்தது, கூட இருந்த உம்மா எழுந்துவிட்டார். பேச்சு அதோடு நின்றது.

அடுத்த சோளகத்தில் வருகிறேன் என்று அண்மையில் உம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். வேண்டாம் என்றார். பேத்திக்குச் சாதாரண தரப் பரீட்சை. அந்த அறையை அவளுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டார்களாம், அது முடியும்வரை யாருக்கும் அறை இல்லை, ஜெர்மன்காரருக்கும் அதையே சொல்லியாயிற்று. இரண்டு வளவு தள்ளி, தொண்ணூறில் தங்களை வைத்திருந்த வீட்டிலும் இப்போது ஓர் அறை போட்டிருக்கிறார்கள், கேட்டுச் சொல்லட்டுமா என்றார். அங்கே பம்ப் உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் அவவும் போட விடமாட்டா என்றார்.